முட்டை போகிற நேரம்

எங்கள் வெள்ளமடைப்புதூரில் மயிலாத்தாள் வீட்டுக் கோழி கொக்கரித்ததும் தெருவிலுள்ள கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொள்ளும், கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டு உள்பக்கம் திரும்பி நின்று சாமான்களை அடுக்குகிற மாதிரி பாவனை செய்வார்கள், டவுன் பஸ் நின்ற இடத்திலேயே எஞ்சினை அணைக்கும், டிரைவர் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொள்வார், கண்டக்டர் சில்லறைப் பையைத் துழாவுவார், வெளியூர்க்காரர் யாராவது விவரம் தெரியாமல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினால் பக்கத்து சீட்டுக்காரர் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்து, "முட்டை போகுதுங்க, பாக்கப்படாது," என்பார். அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், மனசுக்கு ஒரு மாதிரி தெரியும், கதவைத் திறப்போம், அவரவர் வேலையைப் பார்ப்போம்.

நான் மாரப்பன். மாரப்பன் சவுண்ட் சர்வீஸ் என்று சுற்றுவட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், காதுகுத்திலிருந்து தேர்த்திருவிழா வரைக்கும் என் குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். இந்தக் கதையில் எனக்கு வேலை கொஞ்சம்தான், ஆனால் முன்னும் பின்னும் பார்த்தவன் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்களிடம் விட்டால் கை கால் ஒட்டவைத்துவிடுவார்கள்.

மயிலாத்தாள், குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிற ஆறுச்சாமியின் மனைவி. வாய் கொஞ்சம் அதிகம், வேலை அதைவிட அதிகம், இருக்கிற இடத்தில் இருக்கத் தெரியாதவள். வீட்டுக்குப் பின்னால் ஏழெட்டுக் கோழி வளர்த்தாள். அவற்றில் கழுத்தில் இறகில்லாத செவலைக் கோழி ஒன்று, பங்குனி மாதத்து முற்பகலில் முதல் முட்டையிட்டது. எடுக்கப்போனவளின் விரலிடுக்கில் நழுவி அந்த முட்டை, கோழி அடைக்கிற கொடாப்பை விட்டு வெளியே வந்தது, புழக்கடையைக் கடந்தது, படிகளில் ஒவ்வொன்றாக இறங்கியது, ஓட்டில் ஒரு கீறல் இல்லை, தெருவுக்கு வந்து மேட்டுப் பக்கமாகத் திரும்பி ஏறத் தொடங்கியது. மயிலாத்தாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள், அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் போனார்கள், முட்டை யாரையும் சட்டை செய்யாமல் லேத்துப் பட்டறைக்குள் நுழைந்து, வடக்கேயிருந்து வேலைக்கு வந்திருந்த ஒருவரின் காலடியில் போய் நின்றது. அவர் காய்ச்சலில் கிடந்தவர், இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் பட்டறைக்காரருக்கே தெரிந்தது.

மறுநாள் முட்டை வேறு வழியில் போனது, அதற்கு மறுநாள் இன்னொரு வழியில். அந்த நேரத்தில் ஊரிலேயே யாருக்குப் பசி அதிகமோ அவரிடம் போகிறது என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. இதை யாரும் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. கிணறு சில வருடம் உப்புக் கரிக்கும், சில வருடம் இனிக்கும், மாடு சில நாள் கறக்கும், சில நாள் உதைக்கும், கோழி ஒன்று இப்படி முட்டையிடுகிறது, அவ்வளவுதான் என்று இருந்தோம். எங்களுக்குப் பிடித்தது அது எந்த வீட்டுக்குப் போகிறது என்று பார்ப்பதுதான். ரைஸ்மில் பொன்னுசாமியின் பங்களாவுக்கு அது போனபோது ஊரே திரண்டது. மூட்டை மூட்டையாக அரிசி அடுக்கி வைத்திருக்கிற வீட்டின் இரும்புக் கேட்டை முட்டை டொக் டொக்கென்று முட்டிக்கொண்டு நின்றது. அவர் மனைவி இளைப்பதற்காக வெள்ளரிக்காயும் வெந்நீருமாக இருந்திருக்கிறார், புருஷனுக்கே தெரியாது. டீக்கடையில் ஒரு வாரம் அதையே பேசிச் சிரித்தோம், பொன்னுசாமி அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

சிரிப்பு கீழ்வீதி டெய்லர் வீட்டு வாசலில் நின்றுபோனது. முட்டை தினமும் அங்கேயே போக ஆரம்பித்தது, நாங்களும் தினமும் பின்னாலேயே போனோம், சிலர் செல்போனில் படம் பிடித்தார்கள். டெய்லரின் மனைவி முதல் நாள் சிரித்தாள், இரண்டாம் நாள் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள், அதற்குப் பிறகு ஒரு விடியலில் அந்த வீட்டில் பூட்டுத் தொங்கியது, திருப்பூருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். தையல் மெஷின் நின்ற இடத்தில் தரையில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. கூட்டம் போடவில்லை, தண்டோரா போடவில்லை, யாரும் யாரிடமும் சொல்லவில்லை, மறுநாள் கோழி கொக்கரித்தபோது தெருவில் கதவுகள் தானாகச் சாத்திக்கொண்டன.

பார்க்காமல் இருப்பது ஒரு மரியாதை என்று நினைத்தோம். நினைத்தது தப்பில்லை, ஆனால் அதோடு நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஆளைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக வருவது "சாப்பிட்டாச்சுங்களா" என்பதுதான், அதைக் கேட்பது இப்போது வேவு பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. கேட்டால் முகம் சுருங்கியது, "ஏன், முட்டை இந்தப் பக்கம் வந்துச்சுங்களா?" என்று திருப்பிக் கேட்டார்கள். மெல்ல மெல்ல அந்தக் கேள்வியே ஊரை விட்டுப் போய்விட்டது, வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் விசாரித்துக்கொண்டோம். காலைச் சாப்பாட்டை விடியலுக்கு நகர்த்தினார்கள், சாப்பிட்டுக் கழுவாத வட்டல்களை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வாசலில் போட்டு வைத்தார்கள், பசிக்காவிட்டாலும் கோழி கொக்கரிக்கிற நேரத்துக்கு முன்னால் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். யாருக்கும் சாப்பாடு நிம்மதியாக இறங்கவில்லை.

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. முட்டை சுத்த சைவமான ஒரு வீட்டு வாசலில் ஆறு நாளும் போய் நின்றது, அங்கே அந்தம்மா தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருந்தார். அவர் முட்டையை முறத்தால் மூடிவைத்துவிட்டு மயிலாத்தாளுக்கு ஆள் அனுப்பினார், அவள் வந்து மடியில் கட்டிக்கொண்டு போனாள், பாதி வழியில் அது மடியைத் திமிறிக்கொண்டு திரும்பி ஓடியது. சிரித்துக்கொண்டே துரத்திப்போன மயிலாத்தாள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். வேண்டுமென்றே பட்டினி கிடந்தாலும் முட்டை வரும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது, அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது.

ஏன் என்று சொல்ல வேண்டும். மாசியில் எங்கள் ஊர்த் தேரோடு கோழிக் கண்காட்சி நடக்கும், அதில் வீட்டுக்கோழி முட்டைக்கென்று தனிப் போட்டி உண்டு. ஒரே கோழியின் மூன்று முட்டைகளை உமி பரப்பிய வட்டலில் வைக்க வேண்டும். நடுவர் அளவு பார்ப்பார், நிறம் பார்ப்பார், டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார், கடைசியில் மூன்றில் ஒன்றை வெள்ளைச் சாஸரில் உடைத்து மஞ்சள்கரு குன்றாக நிற்கிறதா, கலைந்து படர்கிறதா என்று பார்த்து மார்க் போடுவார். முந்தைய வருடம் மயிலாத்தாள் முதல் தடவையாகக் கலந்துகொண்டாள். ஊர் கண்படுகிற இடத்தில் வைக்கிற பொருளாயிற்றே என்று மூன்று முட்டைக்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக் கொண்டுபோய்விட்டாள். நடுவராக இருந்தவர் நஞ்சப்பன், ரிட்டையரான கால்நடை ஆய்வாளர், ஆனால் ஊரில் எல்லோருக்கும் அவர் டாக்டர்தான். அவர் அந்த முட்டைகளைக் கையில்கூட எடுக்கவில்லை. "ஓட்டு மேல எதையும் பூசப்படாதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இது கண்காட்சியா, கல்யாணமா? மாப்பிள்ளை முட்டை எங்கீங்க?" என்று மைக்கில் கேட்டார். என் குழாய்கள் நன்றாக வேலை செய்கிறவை, அந்தச் சிரிப்பு சந்தைத் திடல் தாண்டி ஆற்றங்கரை வரைக்கும் கேட்டது. பிறகு ஒரு வருடமாக மயிலாத்தாள் எந்தப் பந்திக்குப் போனாலும் யாராவது ஒருவர், "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க," என்று சொல்லாமல் விடவில்லை.

அந்த மனிதர் தன் கையாலேயே அவள் முட்டையை உடைத்துப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அதே மைக்கில் முதல் பரிசு என்று சொல்ல வேண்டும், இதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. செவலைக் கோழியின் முட்டைகள் பார்க்க அவ்வளவு லட்சணம், ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ஆனால் இட்ட உடனே கிளம்பிப்போகிற முட்டையை மூன்று நாள் சேர்த்து வைப்பது எப்படி? பானையில் போட்டு மூடிப் பார்த்தாள், உள்ளே முட்டி முட்டி அது தன்னையே உடைத்துக்கொண்டது. பஞ்சில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள், பெட்டி நகர்ந்தது. அந்தச் சஷ்டியில்தான் வழி தெரிந்தது. ஊரில் எல்லோரையும்விட அதிகம் பசித்தவள் அவளாக இருந்துவிட்டால் முட்டை அவளை விட்டு எங்கேயும் போகாது.

தை முடியும்போது முருகனுக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் விரதத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது பேச்சுக்குத்தான், ஒரு இடத்தில் நிற்காமல் வாசலுக்கும் புழக்கடைக்கும் நடந்துகொண்டே இருந்தாள், சுத்தமாக இருந்த பாத்திரங்களை மறுபடியும் தேய்த்தாள், பொழுது சாய்ந்தால் கொடாப்பு பக்கத்தில் போய் நின்று கோழியிடம் பேசினாள்.

"இது முருகனுக்கா முட்டைக்கா அம்மிணி?" என்று கேட்டார் ஆறுச்சாமி.

"முருகனுக்குத்தானுங்க. மயிலும் அவனோடதுதான, கோழியும் அவனோடதுதான்."

"தெனமும் இந்த ஒரு முட்டைய நம்பி யாரோ ஒருத்தர் இருப்பாங்கல்ல. அவங்களுக்கு?"

"மூணே மூணு முட்டைதானுங்க. அதுக்குள்ள யாரும் செத்துப்போயிர மாட்டாங்க. தேரு முடிஞ்சா மறுக்காவும் தானாப் போகப்போவுது."

அவர் தனக்குத் தானே சமைத்துச் சாப்பிடத் தெரிந்த மனிதர், அடுப்பங்கரைக்குப் போய் அரிசிம்பருப்புச் சோறு வைத்தார், வாசனை அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்.

முதல் சில நாட்கள் முட்டை வழக்கம்போலப் போனது. பிறகு ஒரு நாள் படியில் நின்று யோசித்தது, இறங்கியது. அடுத்த நாள் வாசல் வரை போய்த் திரும்பிப் பார்க்கிற மாதிரி நின்றது, பிறகு போனது. அதற்கு அடுத்த நாள் படி இறங்கவே இல்லை, திரும்பி அடுப்பங்கரைக்குள் வந்து மயிலாத்தாளின் கால் விரலைத் தொட்டு நின்றது. அவளுக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது, கண் இருட்டிக்கொண்டிருந்தது, ஆனாலும் அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு அந்த வருடத்தில் வந்ததில்லை. அன்றைக்கு ஊரில் கதவுகளைச் சாத்தியவர்கள் வெகுநேரம் திறக்காமல் இருந்தோம். எதுவும் போய்ச் சேர்ந்த மாதிரி மனசுக்குத் தெரியவில்லை. அடுத்த இரண்டு நாளும் முட்டை அவளிடமே வந்து நின்றது. அந்த மூன்று நாளும் ஊர் ஒரு நிலையில் இல்லை, நாய்கள் காரணமில்லாமல் இடம் மாற்றிப் படுத்தன, நானே ஒரு ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

தேர் நாள் வந்தது. திடலில் துணிப்பந்தல் போட்டிருந்தது, சேவல்கள் ஒரு பக்கம், வான்கோழிகள் ஒரு பக்கம், முட்டை மேஜை நடுவில். எந்த வட்டல் யாருடையது என்று நடுவருக்குத் தெரியக்கூடாது என்பதால் முட்டைக்காரர்கள் எல்லோரும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும், அது சட்டம். மயிலாத்தாள் அதையும் யோசித்து வைத்திருந்தாள். கயிற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிற மேஜை முனையைப் பிடித்துக்கொண்டு, உமியைக் கரை மாதிரி உயர்த்தி, நடுவில் முட்டைகளை வைத்தாள். முட்டைகள் அவள் நின்ற பக்கமாக லேசாகச் சாய்ந்து நின்றன. சுற்றி நின்றவர்களுக்கு விஷயம் தெரியும், அவள் பட்டினியும் தெரியும், சபாஷ் என்கிற மாதிரி தலையாட்டினார்கள்.

நஞ்சப்பன் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட செருப்பு, கையில் டார்ச்சும் சாஸரும், சட்டைப் பையில் என்னுடைய கார்ட்லெஸ் மைக். கூடவே விழாக் கமிட்டித் தலைவராக ரைஸ்மில் பொன்னுசாமி. நஞ்சப்பனின் மனைவி ஆடி மாதத்தில் இறந்துபோனார், மகன் ஓசூரில் இருக்கிறான். அவர் தெருவில் நடந்துபோவதை நாங்கள் தினமும் பார்த்தோம், சட்டை வெள்ளையாகத்தான் இருந்தது, நல்லாயிருக்கிறார் என்று இருந்துவிட்டோம். கழுத்துப் பட்டன் போட்டும் காலருக்குள் இரண்டு விரல் போகிற அளவுக்கு இடம் இருந்ததை அன்றைக்கு மைக் மாட்டும்போதுதான் நான் கவனித்தேன்.

அவர் ஒவ்வொரு வட்டலாகப் பார்த்துக்கொண்டு வந்து மேஜையின் முனைக்கு வந்தார், குனிந்து டார்ச்சை அடித்தார். கயிற்றுப் பக்கம் சாய்ந்திருந்த மூன்று முட்டைகளும் நிமிர்ந்தன. பிறகு மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக, உமிக் கரையை ஏறிக் கடந்து மறுபக்கம் இறங்கி, அவரை நோக்கி உருள ஆரம்பித்தன. அவர் இடப்பக்கம் ஒரு அடி நகர்ந்தார், முட்டைகளும் இடப்பக்கம் திரும்பின. பின்னால் நகர்ந்தார், அவை மேஜை விரிப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கித் தரைக்கு வந்தன. அந்த நேரம் பார்த்து அவர் வயிறு கடகடவென்று இரைந்தது, மைக் அதைப் பிடித்துக் குழாய்க்குக் கொடுத்தது, திடல் முழுக்கக் கேட்டது. நான் பாய்ந்துபோய் வால்யூமைத் திருகிவிட்டு, "மைக்ல கோளாறுங்க, மைக்ல கோளாறு," என்று கத்தினேன்.

எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப்பேர் பழக்க தோஷத்தில் முதுகைக் காட்டித் திரும்பிவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் திரும்பவில்லை. பொன்னுசாமியும் திரும்பவில்லை, தன் வீட்டு கேட்டை முட்டை முட்டிய நாளை அவர் மறந்திருக்கவில்லை. "ஏனுங் டாக்டர், முட்டை உங்களையல்லங்க தேடிட்டு வருது," என்றார், குரலில் வெல்லம் கரைந்தது.

மயிலாத்தாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வருடமாக அவள் மனசுக்குள் சொல்லிப் பழகிய பதில்கள் எத்தனையோ இருந்தன, எதுவுமே இப்போது தேவையில்லை, சும்மா நின்றால் போதும், வாயைத் திறக்காமல் நின்றாலே அந்த மனிதர் இந்தத் திடலில் அவளைவிடக் கேவலப்பட்டுப்போவார். அதைத்தான் அவள் கேட்டிருந்தாள், கேட்டதற்கு மேலேயே கிடைத்திருந்தது. ஆனால் ஒரு வாரத்துக்கு மேலாகச் சாப்பிடாதவள் அவள், இந்த நிமிஷம் வரைக்கும் அவளிடமே நின்ற முட்டை இப்போது அவளைத் தாண்டி ஒருவரிடம் போகிறதென்றால் அவர் பசி அவள் பசியை முந்திவிட்டது, அவர் எத்தனை நாள் கிடந்திருப்பார் என்று அவள் வயிறு அவளுக்குச் சொன்னது. தினமும் கதவைச் சாத்திக்கொண்டு ஊர் முதுகைத் திருப்பிய நேரத்தில் அந்த முட்டை போன வீடு எது என்றும், மூணே மூணுதான் என்று அவள் பிடித்து வைத்துக்கொண்டது யாருடைய மூணு நாள் என்றும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவமானம் ஒரு பக்கமும் கோபம் ஒரு பக்கமும் இழுக்க, ஐயோ என்றிருந்தது அவளுக்கு.

குனிந்து கயிற்றுக்குள் நுழைந்தாள்.

"டாக்டர்கிட்ட ஒண்ணும் வரலீங்க," என்றாள், பந்தியில் சாம்பார் கேட்கிற குரலில், "எனக்குத்தான் வருது. நான் சோறு தின்னு எத்தனை நாளாச்சுன்னு ஊருக்கே தெரியும்."

"நீங்க கயித்துக்கு அக்கட்டால இல்ல நின்னீங்க?" என்றார் பொன்னுசாமி.

"முட்டைக்குக் கயிறு கண்ணுக்குத் தெரியுமுங்களா? அது சுத்திக்கிட்டு வருது. நாந்தான் இக்கட்டால வந்துட்டேன்ல." சொல்லிக்கொண்டே போய் நஞ்சப்பனின் முதுகோடு ஒட்டினாற்போல நின்றாள். அவர் பதறி விலகினார், அவளும் விலகினாள். அவர் வலப்பக்கம் போனார், அவளும் போனாள், முட்டைகளும் திரும்பின. பந்தலுக்குள் ஒரு நடுவரும் ஒரு முட்டைக்காரியும் மூன்று முட்டைகளும் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், திரும்பி நின்றவர்களும் இந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள், யாருக்கு முட்டை போகிறது என்ற பேச்சு அந்தச் சிரிப்பில் அடிபட்டுப்போனது. சுற்றிச் சுற்றி மூச்சு வாங்கி நின்றபோது அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. முட்டைகள் வந்து சேர்ந்தன. அவளுடைய சேலைக் கொசுவம் அவர் செருப்பையும் மூடிக்கொண்டிருந்தது, யார் காலைத் தொட்டன என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். யாரும் குனியவில்லை.

நஞ்சப்பன் மைக்கைக் கையில் எடுத்தார், நான் வால்யூமை ஏற்றினேன். "முட்டைக்குச் சொந்தக்காரங்க கயிறு தாண்டி உள்ள வரப்படாது. சட்டம் சட்டந்தான். இந்த வட்டல் தள்ளுபடி," என்றார். எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் கோபமாக வந்தது, வேறு என்ன செய்வார் என்றும் இருந்தது.

"சரிங்க," என்றாள் மயிலாத்தாள். பரிசுக் கோப்பையைப் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி வாங்கிக்கொண்டு போனாள்.

கூட்டம் தேர் இழுக்கப் போன பிறகு நஞ்சப்பன் சாஸரைத் துடைத்துக்கொண்டிருந்தார், நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். மயிலாத்தாள் முட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு பந்தல் காலைப் பிடித்தபடி அவர் முன்னால் வந்தாள். எங்கள் பக்கத்தில் தண்ணீர் விரதம் இருந்தவள் அதை முடிக்கும்போது வெளியாள் ஒருவருக்கு இலை போட்டு, அவர் கை நனைத்த பிறகுதான் தன் வாயில் ஒரு பருக்கை வைப்பாள், அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

"இன்னைக்கு விரதம் முடிக்கோணுமுங்க. ஒருத்தராவது வந்து கை நனைச்சாத்தான் நான் சாப்பிட முடியும். நீங்க வரோணும்."

"ஊர்ல வேற ஆளா இல்ல?"

"தள்ளுபடி பண்ணுனது நீங்கதானுங்க. அப்ப முடிச்சு வெக்கிறதும் நீங்கதான். வரலீன்னா நான் இப்படியே நின்னுக்கறேன், எனக்கொண்ணும் அவசரமில்ல."

அவளால் நிற்கவே முடியவில்லை என்பதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இரண்டு பேருமாக அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

ஆறுச்சாமி இலை போட்டார். நஞ்சப்பன் முதல் கவளத்தைக் கையில் எடுத்துச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு நிமிரவில்லை. மயிலாத்தாள் எதிரே சுவரில் சாய்ந்து கஞ்சித்தண்ணியைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். மூன்றாவது தடவை பருப்பு போட்ட பிறகுதான் அவர் பேசினார்.

"அவ இருந்த வரைக்கும் என்ற வூட்ல வட்டல் எங்க இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாதுங்க. அரிசி இருக்குது, பருப்பு இருக்குது, எல்லாம் இருக்குது. என்ன பண்றதுன்னு தெரியல. ஒருத்தர்கிட்டப் போயி எனக்குச் சோறாக்கத் தெரியலீன்னு இந்த வயசுல எப்படிங்க சொல்றது? டீயும் பன்னும்தான். அப்புறம் முட்டை ஒண்ணு வர ஆரம்பிச்சுது. கெட்டில்ல போட்டா வெந்துரும். கொஞ்ச நாளா டீ, பன்னுகூட எறங்கல, அந்த முட்டை மட்டுந்தான் எறங்குச்சு." இலையை வழித்தார். "மூணு நாளா அதும் வரல."

"வராத பண்ணுனது நாந்தானுங்க," என்றாள் மயிலாத்தாள். சொல்லிவிட்டு அழுதாள். முந்தானையால் மூடிக்கொள்ளாமல் அழுதாள்.

நஞ்சப்பன் அவளையே பார்த்தார். திட்டப்போகிறாரோ என்று எனக்கு இருந்தது. "ரசம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். ஆறுச்சாமி ரசச்சட்டியோடு வந்தார், நஞ்சப்பன் இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்தார்.

மறுநாள் முற்பகலில் செவலைக் கோழி கொக்கரித்தது. தெருவில் கதவுகள் சாத்திக்கொண்டன, பஸ் எஞ்சினை அணைத்தது, நானும் கடை ஷட்டரை இழுத்தேன். முட்டை படி இறங்கியது, நஞ்சப்பன் வீட்டுச் சந்துப் பக்கம் போகவில்லை, நேராகப் போனது. நான் பார்த்தது தப்புதான், செருப்புச் சத்தம் கேட்டதால் ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டேன். மயிலாத்தாள், முந்தின நாள் குடித்த கஞ்சியோடு இன்னும் நடை தள்ளாடுகிறவள், இரண்டு கையிலும் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு முட்டைக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள், சாத்திய கதவு ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே போனாள். அது நின்ற வாசல் எனக்குத் தெரியும், யாருடையது என்று சொல்லமாட்டேன். அந்தக் கதவும் மற்றக் கதவுகளைப்போலச் சாத்தித்தான் இருந்தது. அவள் தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள். திறக்கவில்லை. மறுபடியும் தட்டினாள். உள்ளே யாரோ நடக்கிற சத்தமும் நிற்கிற சத்தமும் கேட்டது. அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"கதவத் தெறங்க," என்றாள். "நானும் இன்னும் சாப்பிடலீங்க."